எதுவும் செய்யாத மூன்று வரிகள்

தங்கபுஷ்பத்தின் இடது பாதத்தில் ஒரு சிப்பித் துண்டு ஏறி நான்கு நாள் உள்ளேயே இருந்தது. அந்த நான்கு நாளும் அவள் உப்பளத்துக்குப் போனாள், பாத்தியில் இறங்கி உப்பு வாரினாள், ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கும் போய் வந்தாள். ஐந்தாம் நாள் காலை அவள் கணவர் ஆல்பர்ட் வீட்டுத் தரையில் ஏதோ ஈரமாகக் கிடப்பதைப் பார்த்து, பூனை எதையோ கொன்று இழுத்துப் போயிருக்கிறது என்று நினைத்தார். துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே போனார். தடம் அடுப்படியில் போய் முடிந்தது. அங்கே தங்கபுஷ்பம் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கால் விரல்களை எடுத்தார்கள்.

ஆல்பர்ட்டின் தங்கை ஜெபக்கனி பார்க்கப் போனபோது மணி பதினொன்று. தங்கபுஷ்பம் கட்டிலில் சாய்ந்தபடி பக்கத்துக் கட்டில்காரியோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“வாட்டி. கையில என்ன, சாத்துக்குடியா? அத இவகிட்ட குடு, எனக்குச் சளி புடிக்கும்.”

“மைனி, ரெண்டு விரல எடுத்திருக்காவ. நீங்க சிரிக்கிய.”

“வலிச்சாத்தான அழுவேன்? டாக்டரு மரத்துப்போவ ஊசி போடுதேன்னாரு. எதுக்கு சார், நீங்க பாட்டுக்கு அறுங்கன்னேன். மனுசன் முழிக்காரு.”

“நாலு நாளா ஒண்ணுமே தெரியலியா?”

“தை மாசம் புதுசு வச்சதுலேர்ந்து கால் கூப்பிடவே இல்லட்டி. ஒரு தடவ கூட இல்ல.” நல்ல சேதி சொல்வதுபோலச் சொன்னாள். “நீ செஞ்சதுதான அது? வார்டு பூரா சொல்லிட்டேன், எங்க வீட்டுக்காரரு தங்கச்சி கம்ப்யூட்டர்ல எழுதுனதாக்கும்னு.”

ஜெபக்கனி வார்டைச் சுற்றிப் பார்த்தாள். பதினோரு கட்டில். ஏழில் காலில் கட்டுப்போட்ட பெண்கள். ஒவ்வொருத்தியிடமும் போய்ப் பெயரையும் எந்த அளம் என்பதையும் கேட்டாள். ஏழு பேரும் உப்பளம். ஏழு பேருக்கும் தை மாதம் புதிது வைத்திருந்தார்கள். ஒருத்திக்கும் வலி இல்லை.

அவள் சாத்துக்குடியைப் பக்கத்துக் கட்டிலில் வைத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

உப்புத் தண்ணீரில் பத்துப் பதினைந்து வருடம் நின்ற கால் எரியும். தோல் வெடித்து, வெடிப்பில் உப்பு ஏறி, வீட்டில் வந்து படுத்தாலும் எரியும். தூத்துக்குடிப் பக்கத்துச் சின்னப் பாத்திகளுக்குள் இயந்திரம் இறங்காது, இறங்கினாலும் கட்டுப்படியாகாது. வலியை நிறுத்துவது அதைவிடச் சுலபமாக இருந்தது. பதினெட்டு வருடங்களுக்கு முன் ‘பாதம்’ என்று ஒரு திட்டம் வந்தது. முழங்காலுக்குக் கீழே, ஒவ்வொரு கால் ஆடுசதையிலும், புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கருவியைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். அது நரம்பில் விடாமல் சிறு மின்துடிப்புகளைத் தட்டிக்கொண்டே இருக்கும். வலி மேலே ஏறாது. மக்கள் அதைத் தணிப்பி என்றார்கள்.

தணிப்பியில் ஒரு குறை இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது அரை நிமிடம் நின்றுவிடும். அந்த அரை நிமிடம் கால் முழுக்க எரியும். முள்ளோ சிப்பியோ ஏறியிருந்தால் அப்போது தெரியும். “கால் கூப்பிடுது” என்பார்கள். கூப்பிட்டால் பாத்தியைவிட்டு வரப்பில் ஏறி, நல்ல தண்ணீர் ஊற்றிக் காலைப் பார்த்துவிட்டு இறங்குவார்கள். ஆறு பேர் சேர்ந்தது ஒரு செட்டு. செட்டில் ஒருத்தி ஏறினால் ஆறு பேரும் ஏறவேண்டும் என்பது எங்கும் எழுதப்படாத, எந்தக் கங்காணியாலும் உடைக்க முடியாத வழக்கம். ஆறு பேர் கருவியும் ஆறு வெவ்வேறு நேரத்தில் நிற்கும் என்பதால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை செட்டு வரப்பில் நிற்கும். மாதத்துக்கு முந்நூறு புகாராவது ‘பாதம்’ அலுவலகத்துக்கு வந்துகொண்டிருந்தது. எல்லாம் அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான்.

பழைய சிப்பைச் செய்த கம்பெனி மூடிப்போனது. புதுச் சிப் வந்தது. பழைய நிரலைப் புதுச் சிப்புக்கு மாற்றித் தரும் வேலை ஜெபக்கனிக்கு வந்தது. சி மொழியில் எழுதிய நாலாயிரம் வரி. எழுதியவர் வேலையைவிட்டுப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. எழுதிய நிரலைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் புதுக் கம்பைலரில் போட்டவுடன் அது முந்நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கைகளைக் கொட்டியது. ஓர் எச்சரிக்கைகூட இல்லாத நிரலில்தான் கையெழுத்துப் போடலாம் என்பது அலுவலக விதி. மூன்று வாரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். பூஜ்யம் வந்த அன்று வடை வாங்கிக் கொடுத்தாள். தை மாதம் எல்லோருக்கும் புதுச் சிப் வைத்த தணிப்பியை மாற்றினார்கள்.

இப்போது அவள் பழைய நிரலை ஒரு திரையிலும், புதுக் கம்பைலர் சிப்புக்காக ஆக்கித் தந்ததை இன்னொரு திரையிலும் வைத்து, விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சமாவது வரியில் நின்றாள். அங்கே மூன்று வரி இருந்தது. ஒன்று முதல் எழுபது லட்சம் வரை எண்ணு; எண்ணும்போது எதுவும் செய்யாதே; முடித்ததும் கீழே போ. அவ்வளவுதான். வலது பக்கத் திரையில் அந்த மூன்று வரிக்கு நேராக எதுவும் இல்லை.

தரக் கட்டுப்பாட்டு அதிகாரி வில்வநாதன் மருந்துக் கம்பெனியிலிருந்து வந்தவர். நிரல் தெரியாது. ஆனால் கேட்கத் தெரிந்தவர். அவருடைய மேசைக்குப் பின்னால் புகார் எண்ணிக்கை வரைபடம் மாட்டியிருந்தது. தை மாதம் வரை மேலே கிடந்த கோடு அதன்பிறகு தரையைத் தொட்டுப் படுத்திருந்தது.

“எழுபது லட்சம் வரைக்கும் சும்மா எண்றதா? எதுக்கு?” என்று கேட்டார்.

“நேரம் போக்க சார். பழைய சிப் மெதுவா ஓடும். அது எண்ணி முடிக்க முப்பது விநாடி ஆகும். அந்த முப்பது விநாடியும் துடிப்பு போகாது. அதுதான் அந்த அரை நிமிஷம்.”

“சரி. புதுக் கம்பைலர் அதை என்ன பண்ணுச்சு?”

“தூக்கிருச்சு. பழைய கம்பைலர் சொன்னதை அப்படியே மாத்திக் கொடுக்கும். புதுசு புத்திசாலி. இப்படி எண்றதால எந்த விடையும் மாறல, யாரும் இதைக் கேட்கல, அப்போ இது வெட்டி வேலைன்னு முடிவு பண்ணிரும்.”

“உங்களுக்கு ஒரு எச்சரிக்கை கொடுத்திருக்கணுமே?”

“கொடுக்காது சார். அதைப் பொறுத்தவரைக்கும் இது தப்பு இல்ல. நமக்கு உதவி.”

வில்வநாதன் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “நம்ம சோதனையில எப்படித் தப்பிச்சுது?”

“நர்ஸ் ஒவ்வொருத்தரையும் மூணு நிமிஷம் உட்கார வச்சுப் பாக்குறாங்க. மத்தியானத்துக்குள்ள நாப்பது பேரைப் பாக்கணும். ரெண்டு மணி நேரம் எங்க உட்கார வைக்கிறது? அப்படியே வச்சிருந்தாலும், வலி வரலன்னா பாஸ்னுதானே நம்ம படிவத்துல இருக்கு?”

“அப்போ என்ன சொல்ல வர்றீங்க, ஜெபக்கனி? வலி நிறுத்துறதுக்குத்தான் கருவி. பழசு சரியா நிறுத்தல, புதுசு நிறுத்துது. இதைத் தப்புன்னு நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? வலிக்கலன்னு யாராவது புகார் கொடுத்திருக்காங்களா?”

“ஆஸ்பத்திரியில ஏழு பேர் இருக்காங்க சார்.”

“தெரியும். செருப்புப் போட்டு இறங்கணும்னு சுற்றறிக்கை அனுப்பியிருக்கேன்.” செருப்போடு பாத்தியில் இறங்கினால் உப்பில் மண் கலக்கும் என்று எந்தக் கங்காணியும் விடமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். குரலைத் தணித்துக்கொண்டார். “அந்த இடைவெளி வேணும்னே வச்சதுன்னு எழுதினவர் சொல்லட்டும். ஒரு மெயில் போதும். நான் இதைத் தப்புன்னு ஃபைல் திறந்துடறேன்.”

எழுதினவர் பெயர் செய்யது மீரான். தென்காசியில் மகள் வீட்டில் இருந்தார். ஜெபக்கனி மறுநாள் காலை போன் செய்தாள். அவருக்கு நிரல் நன்றாக நினைவிருந்தது. யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போல உற்சாகமாகப் பேசினார்.

“எழுபது லட்சம்! ஆமாம்மா. முதல்ல அம்பது லட்சம் வச்சேன். பத்தல.”

“எதுக்குப் பத்தல சார்? காலைப் பாத்துக்க நேரம் வேணும்னுதானே?”

“எந்தக் காலை?”

“பொம்பளைங்க வரப்புல ஏறிக் காலைப் பாத்துக்கிறதுக்கு. வலி தெரிஞ்சாத்தானே பாப்பாங்க. அதுக்காகத்தானே இடைவெளி விட்டீங்க?”

அவர் சிரித்தார், கொஞ்சம் சங்கடமாக.

“இல்லம்மா. பேட்டரி. ரெண்டு மணி நேரம் விடாம ஓடினா சூடாயிரும். தோலுக்கு அடியில இருக்கிற சாமான், சூடாகலாமா? அரை நிமிஷம் நிப்பாட்டினா ஆறிரும். வலிக்கும்னு தெரியும், வேற வழி இல்ல. டைமர் வைக்க அந்தச் சிப்புல இடம் இல்ல, அதான் எண்ண விட்டேன். புதுச் சிப்புல சூடு பிரச்சினை இல்லையே? பிறகென்ன. இத்தனை வருஷமா அதுக்காக எவ்வளவு திட்டு வாங்கியிருக்கேன் தெரியுமா? போனது நல்லதும்மா.”

ஜெபக்கனி நன்றி சொல்லி வைத்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை. டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டாள். என்ன சாப்பிட்டாள் என்று மூடும்போது நினைவில்லை.

மூன்றாம் வாரம் தங்கபுஷ்பம் கட்டோடு வேலைக்குப் போய்விட்டாள். இடது குதிகாலில் ஒரு கறுப்பு வட்டம் இருந்தது. இன்னொரு தடவை புண் ஆறாமல் போனால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் ஆல்பர்ட்டிடம் சொல்லியிருந்தார். ஜெபக்கனி அரை நாள் விடுப்புப் போட்டு அளத்துக்குப் போனாள்.

வெயில் பாத்திகளிலிருந்து திரும்பி அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. தங்கபுஷ்பத்தின் செட்டு நடுப் பாத்தியில் இருந்தது. ஜெபக்கனி ஒரு மணி நேரம் நின்று பார்த்தாள். ஒருத்தியும் ஏறவில்லை. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தார்கள். செட்டில் மூத்தவள் செல்வராணி. ஐம்பதைத் தாண்டியவள், வாய்க்காரி. ஜெபக்கனி எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை தூக்குச்சட்டியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்.

“ஆக, வலிய எங்களுக்குத் திருப்பித் தரலாமான்னு கேக்க வந்திருக்க” என்றாள்.

“அரை நிமிசம்தான் அக்கா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க.”

“அத நீ வச்சிக்கிடேன். ஒன் கால்ல கட்டிக்கிட்டு ஆபிசுல உக்காரேன்.”

மற்றவர்கள் சிரித்தார்கள். தங்கபுஷ்பமும் சிரித்தாள்.

“காலு போயிரும், அக்கா. ஆஸ்பத்திரியில பாக்கியள்ல?”

செல்வராணி சோற்றைத் தள்ளி வைத்தாள். “ஏட்டி, நான் கல்யாணம் ஆயி வந்த வருசம் பாத்தியில எறங்குனேன். இந்தத் தை மாசம்தான் மொதமொத விடிய விடியத் தூங்குனேன். நெசமாச் சொல்லுதேன், மறுநா காலையில எங்க வீட்டுக்காரரு நான் செத்துட்டேன்னு நெனச்சு மூக்குல கை வச்சுப் பாத்தாரு. அத விட்டுக்குடுக்கச் சொல்லுத. ஒனக்கு என்ன தெரியும்?”

ஜெபக்கனி கேட்பதை மாற்றினாள். “அப்ப வலி வேண்டாம். மணி பாத்து ஏறுங்க. இருவது நிமிசத்துக்கு ஒருக்க ஏறிக் காலப் பாத்துட்டு எறங்குங்க. அது போதும்.”

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கபுஷ்பம்தான் பொறுமையாகச் சொன்னாள், சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

“கால் கூப்பிட்டா ஏறலாம். கூப்பிடாம ஏறுனா அது சோம்பேறித்தனம்லாட்டி. கங்காணி விடுவாரா? விடு, அவரு கெடக்காரு. பக்கத்து செட்டுக்காரி பாத்துக்கிட்டு நிக்காள்ல, அவ என்ன சொல்லுவா?”

கங்காணி பொன்னுத்துரை தூரத்தில் குடைக்குக் கீழே நின்று இவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதத்திலிருந்து ஒரு செட்டுக்கு உரிய பாத்திகளை அவர் எட்டிலிருந்து பதினொன்றாக ஆக்கியிருந்தார். அதையும் அவர்கள் ஒரு குறையாகச் சொல்லவில்லை.

திங்கட்கிழமை ஜெபக்கனி மாற்றப் படிவத்தை நிரப்பினாள். மாற்றம்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முப்பது விநாடி துடிப்பை நிறுத்துதல். இம்முறை அவள் எண்ணச் சொல்லவில்லை. இந்தச் சிப் எழுபது லட்சத்தைக் கண் இமைப்பதற்குள் எண்ணிவிடும். சிப்பிலேயே இருந்த கடிகாரத்தைப் பார்த்து நிற்கச் சொன்னாள். எந்தக் கம்பைலரும் அதைத் தூக்காது. காரணம் என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் கை நின்றது. பாதங்கள் என்று எழுதினால் அது மருத்துவக் குழுவுக்குப் போகும், பயனாளிகளிடம் ஒப்புதல் கேட்பார்கள், பயனாளிகள் என்ன சொல்வார்கள் என்பதை அவள் நேரில் கேட்டிருந்தாள். ‘தொடர் இயக்கத்தில் கருவி சூடாகிறது’ என்று எழுதினாள்.

வில்வநாதன் அதை இரண்டு முறை படித்தார்.

“புதுச் சிப் சூடாகுதா?”

“ஆகுது சார்.”

“அளந்து பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். தன் முகம் எதையும் காட்டவில்லை என்றே அவளுக்குத் தோன்றியது. “சூடுன்னா சரி. சூட்டுக்கு என் அளவில அனுமதி இருக்கு” என்று கையெழுத்துப் போட்டார். “புகார் வரும்.”

“வரும் சார்.”

ஒரு பொய்யைக் கொண்டு இரண்டாயிரம் பேருக்கு அவர்கள் கேட்காத வலியைத் தரப்போகிறோம் என்பதை ஜெபக்கனி தெளிவாகவே வாக்கியமாக்கிப் பார்த்துக்கொண்டாள். வேறு யாராவது செய்திருந்தால் அவளுக்கு அதற்குப் பெயர் தெரிந்திருக்கும். மைனியின் குதிகாலை நினைத்துக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

தணிப்பிக்குப் புது நிரல் அளத்து வாசலில் ஏறும். கம்பிக் கதவைத் தாண்டும்போது தூணில் இருக்கும் கருவி ஒரு விநாடியில் ஏற்றிவிடும், நடப்பவருக்குத் தெரியாது. புதன்கிழமை காலை ஏழு மணிக்கு எல்லா அளங்களிலும் எல்லோரும் கதவைத் தாண்டினார்கள். எல்லோருடைய கடிகாரமும் அந்த நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்கும் என்பதை அவள் யோசிக்கவில்லை. ஒன்பது மணிக்கு எல்லோருக்கும் ஒன்றாகக் கூப்பிட்டது.

ஒன்பது இருபதுக்குத் தங்கபுஷ்பம் அழைத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

“ஏட்டி, இங்கன வந்து பாக்கணும் நீ. அளத்துல ஒருத்தியும் பாத்தியில இல்ல. எல்லாவளும் ஒண்ணுபோல ஏறிட்டாளுவ. செல்வராணி வரப்புல உக்காந்து உன்ன வையுதா, கேக்கவே காது கூசுது. கங்காணி தண்ணிக்கு ஓடுதாரு. மூணு பேரு கால்ல முள்ளு இருந்திருக்கு, இப்பந்தான் எடுக்காளுவ.”

“நீங்க மைனி?”

“நானும் ஏறிட்டேன். ஒருத்தி ஏறுனா ஏறணும்லா.”

“காலு எப்படி இருக்கு?”

கூச்சல் குறைந்தது. தங்கபுஷ்பம் போனை எடுத்துக்கொண்டு தள்ளி நடப்பது தெரிந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

“அதுக்குத்தான் போன் போட்டேன். எனக்குக் கூப்பிடல.”

ஜெபக்கனி திரையில் அவள் எண்ணைத் தட்டினாள். இடது கால்: புது நிரல், ஏழு மணி நான்கு நிமிடம். வலது கால்: அதே. இடைவெளி, ஒன்பது மணி நான்கு நிமிடம், முப்பது விநாடி, முடிந்தது. இரண்டு கருவியும் நின்றிருந்தன. இரண்டும் சொன்னபடி செய்திருந்தன. அவை நின்ற பிறகும் மைனியின் நரம்பு எதையும் மேலே ஏற்றவில்லை.

“ரெண்டு கால்லயுமா மைனி? லேசாக்கூடவா இல்ல?”

“ஒண்ணும் இல்ல. கட்ட மாதிரி கெடக்கு.” தங்கபுஷ்பம் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஒம்மேல கோவமாத்தான் இருந்தேன். வலியத் திருப்பி விடப் போறியேன்னு. ஆனா எனக்கு மட்டும் பழசயே விட்டு வச்சிருக்க பாத்தியா? சொந்தம் சொந்தந்தான். யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். கேட்டா எனக்கும் எரியுதுன்னு சொல்லிக்கிடுதேன்.”

ஜெபக்கனி வாயைத் திறந்தாள்.

“சரி மைனி” என்றாள்.

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. சாள மீன் வாங்கி வைக்கேன்.”

அன்று மாலை நான்கு மணிக்குள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறு புகார் வந்திருந்தது. வரைபடத்தில் கோடு சட்டத்தின் மேல் விளிம்பில் போய் இடித்தது. வில்வநாதன் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். ஜெபக்கனி எல்லோரும் கிளம்பும்வரை புகார்களைப் படித்தாள். ஒவ்வொன்றிலும் வலி என்ற சொல் இருந்தது. பிறகு கணினியிடம் வேறொரு பட்டியல் கேட்டாள்: இன்று வேலைக்கு வந்து, கருவி நின்று, புகார் தராதவர்கள்.

அறுபத்து மூன்று பெயர்கள் வந்தன.

முதல் பெயர் அன்னப்பழம். ஜெபக்கனி எண்ணைப் போட்டாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். கால் எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

“நல்லா இருக்கும்மா” என்றது ஒரு வயதான குரல், நன்றியோடு. “ஒரு குறையும் இல்ல.”